சர்க்கரை நோய்க்கு எந்தப் பூச்சிமருந்து வழிவிடுகிறது: டிடிடி வகையா, மோனோகுரோட்டோபாஸ் வகையா?

பூச்சிமருந்தால் சர்க்கரை நோய் வருமா என்று கேட்பவரிடம், எந்த மருந்து என்று முதலில் கேட்க வேண்டும். டிடிடி, ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் எல்லாம் ஆர்கனோகுளோரின் வகை. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், டைகுளோர்வாஸ் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் வகை.

முதல் வகை கொழுப்பில் கரைந்து, உடம்பின் கொழுப்பிலேயே வருடக்கணக்கில் தங்கும். அடிப்பதை விட்டுப் பல காலம் ஆனாலும் ரத்தத்தில் அளந்துவிடலாம். ஆய்வாளருக்கு அது வசதி, சிக்கலும் அங்கேதான். பருமனானவர் உடம்பை விட்டு இந்த நஞ்சு மெதுவாகவே போகும். பருமன் தனியாகவே சர்க்கரையையும் கொண்டுவரும். ஆகவே ரத்தத்தில் அளவு கூடியிருந்தால் எது முந்தி, எது பிந்தி என்று பிரிப்பது கடினம்.

இரண்டாம் வகை பெரும்பாலும் சில நாட்களில் சிறுநீரோடு வெளியேறிவிடும். பத்து வருடக் கணக்கை மருந்தடித்தவரின் ஞாபகத்தை நம்பித்தான் எழுத வேண்டும்.

அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் உரிமம் பெற்று மருந்தடிக்கும் 33,457 பேரைத் தொடர்ந்து கவனித்து 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் 1,176 பேர். தொடர்பு தெரிந்த மருந்துகள் ஏழு: ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர், டைகுளோர்வாஸ், டிரைகுளோர்ஃபான், களைக்கொல்லிகளான அலாகுளோர், சயனசின். இரு வகையும் பட்டியலில் இருக்கின்றன. முதலில் மருந்து, பிறகு நோய் என்ற வரிசை இதில் தெளிவு. ஆனாலும் தொடர்பு வேறு, காரணம் வேறு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதில் ஆர்கனோபாஸ்பேட் (சுருக்கமாக, பாஸ்பேட்) வகைக்கே கூடுதல் வெளிச்சம். மதுரை காமராசர் பல்கலைக்கழகக் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கிராமத்து மக்கள் 3,080 பேரில் மருந்தோடு நேரடியாகப் புழங்கியவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் இருந்தது. எலிகளுக்கு 180 நாள் இந்த வகை மருந்து கொடுத்ததில், குடல் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து அசிடேட் போன்ற அமிலங்களை உண்டாக்கின. அசிடேட்டை வைத்து உடம்பு புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்தது. அந்த எலிகளின் மலக்கிருமிகளை வேறு எலிகளுக்கு மாற்றியபோது அவற்றுக்கும் சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டது. எலியில் நடந்தது மனிதரிடமும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. மனிதரிடம் எடுத்த கணக்கும் ஒரே சமயத்தில் எடுத்ததுதான், ஆகவே மருந்து முந்தியா, நோய் முந்தியா என்று அதில் தெரியாது.

அதே ஆய்வில் ரத்தத்திலிருந்த மருந்து எச்சம், ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவோடு ஒத்துப்போனது, பாஸ்பேட் மருந்து முடக்கும் நொதியான கோலினெஸ்டரேஸ் அளவோடு ஒத்துப்போகவில்லை. விஷமேறியதா என்று பார்க்க மருத்துவமனையில் எடுப்பது கோலினெஸ்டரேஸ் சோதனை. அது சரியாக இருக்கிறது என்பதை வைத்துச் சர்க்கரை அபாயம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இன்னொன்று: பாஸ்பேட் விஷம் கடுமையாக ஏறும்போது சர்க்கரை தற்காலிகமாகக் கூடும். அன்றைய அளவை மட்டும் பார்த்து 'சர்க்கரை நோய்' என்று எழுதினால் தப்பு. எச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பழைய சர்க்கரை என்று சந்தேகிக்கலாம். ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணும் ஏமாற்றும்.

தடுப்பதைப் பொறுத்தவரை டிடிடி வகைக்கு இப்போது செய்ய அதிகமில்லை, ஏற்கெனவே உடம்பில் சேர்ந்தது மெல்லத்தான் இறங்கும். பாஸ்பேட்டுக்கு இன்றே செய்யலாம். அது பெரும்பாலும் தோல் வழியாகத்தான் ஏறுகிறது, அதிலும் அடர்மருந்தைத் தண்ணீரில் கலக்கும் நேரத்தில். கலக்கும்போது நைட்ரைல் எனும் செயற்கை ரப்பர் கையுறை போட வேண்டும், துணிக்கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். முதுகில் ஒழுகும் டேங்கின் வாஷரை மாற்றாமல் தோளில் ஏற்றக் கூடாது. அடித்து முடித்ததும் குளித்துவிட்டு, அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.