ஸ்லிங்கா, செயற்கைச் சுருக்கியா: முதலில் தராசை எடுங்கள்

என் மச்சானுக்கும் எனக்கும் ஓராண்டு இடைவெளியில் புரோஸ்டேட் சுரப்பியை எடுத்தார்கள். அவருக்குக் கோலாலம்பூரில், எனக்குப் பினாங்கில். புற்றுநோய் இருவரையும் விட்டுவிட்டது. சிறுநீர்க் கசிவு மட்டும் விடவில்லை. தும்மினால் கசிந்தது, நாற்காலியிலிருந்து எழுந்தால் கசிந்தது, எரிவாயுத் தோம்பைத் தூக்கினால் கால்சட்டையே நனைந்தது. அதைத் தடுக்க இன்று அவர் உடலில் செயற்கைச் சுருக்கி என்ற கருவி இருக்கிறது, என் உடலில் ஸ்லிங் என்ற நாடா இருக்கிறது. ஒரே குடும்பத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அரிது என்பதால் கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

கசிவு ஏன் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பையின் வாயைச் சுற்றிக்கொண்டிருக்கும் சுரப்பியை வெட்டி எடுக்கும்போது, மேலே இருந்த இயற்கையான அடைப்பும் அதனுடன் போய்விடுகிறது. அதற்குக் கீழே இருக்கும் சுருக்குத் தசை மட்டுமே இனி முழுச் சுமையையும் தாங்க வேண்டும். அந்தத் தசையும் அறுவையில் கொஞ்சம் அடிபட்டிருக்கும். பலருக்கு முதல் ஆண்டுக்குள், இடுப்புத் தளத் தசைப் பயிற்சியோடு, நிலைமை தேறிவிடும். ஆகவே அவசரப்பட்டுக் கத்திக்குப் போக வேண்டியதில்லை. ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் பேச்சைத் தொடங்கலாம். ஓராண்டு கடந்தும் தொல்லை நின்றபாடில்லை என்றால், அறுவை பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். எங்கள் இருவரிடமும் அதை யாரும் தாமாக எடுத்துப் பேசவில்லை. "உயிர் பிழைத்தீர்களே, அது போதாதா" என்பதுபோல் இருந்தது.

இனி தராசுக்கு வருகிறேன். ஸ்லிங், சுருக்கி என்ற இரண்டில் எது என்பதை முடிவு செய்ய எங்களுக்கு மிகவும் உதவியது சமையலறையில் மாவு நிறுக்கும் தராசுதான். கசிவுக்காக அணியும் பேட் ஒன்றின் உலர்ந்த எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காலையில் தொடங்கி மறுநாள் காலைவரை மாற்றும் ஒவ்வொரு பேட்டையும் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில் சேர்த்துவையுங்கள். பிறகு மொத்தமாக நிறுத்து, அத்தனை பேட்டுகளின் உலர்ந்த எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் சிறுநீர். வழக்கமாக நடமாடும் நாளில் நிறுக்க வேண்டும், வீட்டில் படுத்திருக்கும் நாளில் அல்ல. மூன்று நாள் நிறுத்தால் இன்னும் நல்லது.

எனக்கு 150 கிராமை ஒட்டி வந்தது. மச்சானுக்கு 600க்கு மேல். "நாளைக்கு நான்கு பேம்பர்ஸ்" என்று அவர் மருத்துவரிடம் சொல்லிவந்தார். நானும் மூன்று, நான்கு என்றுதான் சொல்லிவந்தேன். எண்ணிக்கையில் இருவரும் ஒரே நிலையில் இருப்பதுபோல் தெரிந்தது. ஆனால் நான் லேசாக நனைந்தவுடன் மாற்றுபவன், அவர் கனத்துத் தொங்கும்வரை பொறுப்பவர். எத்தனை பேட் என்ற கணக்கு ஆளை ஏமாற்றிவிடும். எடை ஏமாற்றாது.

ஸ்லிங் என்பது பாலிப்ரொப்பிலீன் இழையால் நெய்த ஒரு நாடா. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு கீறல் போட்டு, சிறுநீர்க் குழாயின் தடித்த பகுதிக்குக் கீழே தூளி கட்டுவதுபோல் அதைப் பொருத்தி, இரு முனைகளையும் இடுப்பெலும்பின் துளைகள் வழியாகத் தொடையிடுக்கில் வெளியே எடுத்து இழுக்கிறார்கள். அட்வான்ஸ் என்ற பெயரில் வரும் வகை இதுதான். குழாயை அது நெரிப்பதில்லை. தொய்ந்துபோன இடத்தைச் சற்று மேலும் பின்னும் தூக்கிவைக்கிறது, அவ்வளவுதான். மூடும் வேலையைச் செய்வது இன்னமும் உங்கள் சொந்தத் தசையே. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். தசையில் உயிர் மிச்சமிருப்பவருக்குத்தான் ஸ்லிங் பயன்படும். இரவில் படுத்தால் உலர்ந்திருக்கிறதா, சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்த முடிகிறதா என்று மருத்துவர் என்னைக் கேட்டதன் காரணம் அதுதான். பிறகு உள்நோக்குக் குழாயை விட்டு, "இறுக்குங்கள்" என்று சொல்லி, தசை எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்தார்.

நாளொன்றுக்கு 200 கிராமுக்குள் கசிபவருக்கு ஸ்லிங் நன்றாகவே பொருந்தும். 400ஐத் தாண்டினால் பெரும்பாலான நிபுணர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. இடைப்பட்டவர்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டியவர்கள்.

எனக்கு ஓர் இரவு மருத்துவமனையில், மறுநாள் கதீட்டரை (சிறுநீரை வடிக்கும் குழாயை) எடுத்தார்கள், அன்றே பலன் தெரிந்தது. சிலருக்கு முதல் சில நாள் சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொள்ளும், அப்போது மறுபடி கதீட்டர் போட வேண்டிவரும். உட்காரும் இடத்தில் வலியும் மரத்த உணர்வும் எனக்கு இரண்டு மாதம் இருந்தன. ஆனால் இவற்றைவிடப் பெரிய சோதனை முதல் ஆறு வாரம். நாடாவைச் சுற்றித் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும்வரை குந்தி உட்காரக்கூடாது, கால்களை அகட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, படி ஏறுவதைக் குறைக்க வேண்டும். குந்தும் கழிப்பறை உள்ள வீட்டில் இது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். கோயிலில் விழுந்து வணங்கவும் முடியாது, பந்தியில் சம்மணமிடவும் முடியாது. என் ஐந்தாவது வாரத்தில் தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலையின் 513 படிகளையும் கீழே நின்று பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். எங்கள் தாமானில் ஒருவர் மூன்றாவது வாரமே கடைக்கு அரிசி மூட்டை இறக்கப் போனார். நாடா நழுவி, பழைய கசிவு அப்படியே திரும்பிவிட்டது.

ஸ்லிங் நாடாவும் ஒருவகை வலைதான். 'வலை' என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. இடுப்பு உறுப்புகளின் இறக்கத்துக்காகப் பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகப் பொருத்திய வலைகளின் விற்பனையை 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்தச் சொன்ன செய்தியை என் மனைவியும் படித்திருந்தார். ஆண்களின் ஸ்லிங் பொருத்தப்படும் இடமும் முறையும் வேறு. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது. திசுவோடு ஒட்டி வளர்ந்த நாடாவைப் பின்னாளில் முழுவதுமாக எடுப்பது எளிதல்ல. அதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

செயற்கைச் சுருக்கி முற்றிலும் வேறு சிந்தனை. உங்கள் தசையை நம்பாமல், அதன் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. 1972இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் என்ற மருத்துவர் முதலில் பொருத்தினார். இன்று அதிகம் பயன்படும் ஏ.எம்.எஸ். 800 வகை 1980களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. அதில் மூன்று பாகங்கள்: சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பட்டை, அடிவயிற்றுக்குள் ஒரு பலூன், விதைப்பைக்குள் ஒரு சிறிய பம்ப். மூன்றையும் மெல்லிய குழாய்கள் இணைக்கின்றன, உள்ளே திரவம் ஓடுகிறது. சாதாரண நேரத்தில் பட்டை நிரம்பிக் குழாயை மூடியிருக்கும். கழிவறையில் பம்பைச் சில தடவை அழுத்தினால் திரவம் பலூனுக்குப் போய்ப் பட்டை தளரும், சிறுநீர் இறங்கும். சில நிமிடங்களில் பட்டை தானாக மீண்டும் நிரம்பிக்கொள்ளும்.

அறுவை முடிந்த அன்றே இது வேலை செய்யாது. புண் ஆறுவதற்காக ஆறு வாரம்வரை முடக்கியே வைத்திருப்பார்கள். அந்த ஆறு வாரமும் மச்சான் முன்போலவே நனைந்துகொண்டிருந்தார். "இவ்வளவு செய்தும் இப்படியா" என்று மனமுடைந்து பேசினார். இதை யாராவது முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் இயக்கிவிட்ட வாரத்திலேயே, செந்தூலிலிருந்து கிளம்பி, கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயிலேறி நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பட்டர்வொர்த் வந்து இறங்கினார். அணிந்திருந்த மெல்லிய பேட்டில் சில துளிகள்தான். இரண்டு ஆண்டாக அவர் எங்கள் வீட்டுக்கு வராததன் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

விலை இல்லாமல் இந்த வசதி வருவதில்லை. இது ஓர் இயந்திரம், தேயும். ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கும், பத்து ஆண்டுக்குள் பாதிப் பேருக்கும் கருவி பழுதடைகிறது என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. திரவம் கசியலாம், பட்டைக்குள் குழாய் மெலியலாம், கிருமி தொற்றலாம். எல்லாவற்றிலும் மோசமானது, பட்டை குழாயை அரித்து உள்ளே இறங்குவது. அறுபது வயதில் போடுபவர் வாழ்நாளில் இன்னோர் அறுவைக்கு மனத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். குறுகிய இருக்கையுள்ள சைக்கிளில் வெகுநேரம் உட்காருவதையும் தவிர்க்க வேண்டும்.

இன்னொன்று, பட்டை மூடியிருக்கும்போது யாராவது கதீட்டரைத் திணித்தால் சிறுநீர்க் குழாய் கிழிந்துவிடும். ஒருமுறை கடும் வயிற்றுவலியோடு மச்சானை ஓர் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனபோது, தாதி வழக்கம்போல் கதீட்டர் தட்டை எடுத்துவந்துவிட்டார். என் அக்கா மகன் ஓடிப்போய்த் தடுத்து, பணப்பையிலிருந்த கருவி அட்டையைக் காட்டினான். முதலில் கருவியை முடக்கிய பிறகே கதீட்டர் போட வேண்டும் என்பது அந்த அட்டையில் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் அட்டையை அடையாளக் கார்டுக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்த மாஸ்டர் ஆய்வு. 380 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள், முடிவுகள் 2021இல் வந்தன. ஓராண்டு கழித்து ஸ்லிங் பிரிவில் 87 விழுக்காட்டினரும், சுருக்கிப் பிரிவில் 84 விழுக்காட்டினரும் ஏதோ ஓரளவு கசிவு இருப்பதாகவே சொன்னார்கள். இந்த எண்ணைப் பார்த்து நான் முதலில் அதிர்ந்துபோனேன். ஆனால் ஒரு துளி கசிந்தாலும் அந்தக் கணக்கில் வந்துவிடும். தொல்லையை 21 புள்ளிக்கு அளந்தபோது, இரு பிரிவிலும் 16ஐ ஒட்டி இருந்தது ஸ்லிங்கில் 8.7 ஆகவும் சுருக்கியில் 7.5 ஆகவும் இறங்கியது. கடும் சிக்கல் கண்டவர்கள் ஸ்லிங்கில் 6 பேர், சுருக்கியில் 13 பேர். நிறைவாக இருக்கிறோம் என்று சொன்னவர்கள் சுருக்கிப் பிரிவில் அதிகம். ஆக, இரண்டுமே தொல்லையைப் பாதியாகக் குறைக்கின்றன, இரண்டுமே பாலைவனம்போல் உலர்த்திவிடுவதில்லை. "முழுசாக நின்றுவிடும்" என்று யார் உறுதி கொடுத்தாலும் நம்பாதீர்கள்.

இவற்றுக்கு நடுவே இறுக்கத்தைப் பிறகு கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்லிங் வகைகளும், சிறுநீர்ப்பை வாயின் இரு பக்கமும் வைக்கும் பலூன்களும் உண்டு. உங்கள் மருத்துவர் அவற்றில் ஒன்றைச் சொன்னால், அதைத் தம் கையால் எத்தனை பேருக்குப் பொருத்தியிருக்கிறார் என்று கேளுங்கள். குழாய்ச் சுவரில் ஊசி போட்டுத் தடிமனாக்கும் முறை ஒன்றும் உண்டு. அதன் பலன் குறைவு, நீடிப்பதுமில்லை. அதில் பணத்தைப் போட நான் சொல்லமாட்டேன்.

கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஸ்லிங் பெரும்பாலும் சரிப்படாது. அவர்களுக்குச் சுருக்கிதான், ஆனால் பட்டை குழாயை அரிக்கும் அபாயம் கூடுதல். கைநடுக்கம், பக்கவாதம், மறதி உள்ளவர்களுக்குப் பம்பை அழுத்துவது நடவாத காரியம். மனைவி செய்துகொள்வார் என்று கணக்குப் போடாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் எந்தக் கருவியானாலும் கிருமித் தொற்று காத்திருக்கிறது. எனக்கு அதற்காகவே இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள். அவசரமாக முட்டிக்கொண்டு வந்து கழிவறைக்குள் போகுமுன் கசிகிறவர்களுக்கு நோயே வேறு. அது சிறுநீர்ப்பையின் கோளாறு, அதை முதலில் மருந்தால் சரிசெய்ய வேண்டும். நாளுக்கு ஐந்து தே தாரிக் குடிப்பவர் அதை இரண்டாகக் குறைத்துவிட்டு மறுபடி எடை போட்டுப் பார்க்கலாம்.

பணம். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஆனால் உடலுக்குள் பொருத்தும் கருவியின் விலை தனிக் கணக்கு, அதுவும் சுருக்கியின் விலை ஸ்லிங்கைவிட மிக அதிகம். வசதி இல்லாதவர்கள் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்கக் கேட்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்காகத்தான் அந்த நிதி இருக்கிறது. மருத்துவக் காப்புறுதி அட்டை உள்ளவர்கள் கருவிக்கும் ஒப்புதல் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் சிறுநீரியலுக்கென்று ஒரு கழகம் இருப்பதால் மச்சானுக்கு அங்கே வழி கிடைத்தது. வரிசை நீளம்தான், ஆனால் அதற்குள் உடற்பயிற்சியும் சர்க்கரைக் கட்டுப்பாடும் ஆகிவிடும்.

வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குள் போக அஞ்சி, வாசலிலேயே செருப்புக் காவல்போல் நின்றுவிடும் ஆண்கள் எத்தனை பேர் என்று இப்போது என் கண்ணுக்குத் தெரிகிறது. நானும் அப்படி நின்றவன். "வயிறு சரியில்லை" என்பார்கள், "முட்டி வலி" என்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எடை போட்டீர்களா?

எனக்கு ஸ்லிங் போட்டு நான்கு ஆண்டு ஆகிறது. அண்மையில் நிறுத்துப் பார்த்தேன், 20 கிராம். இது தளர்ந்துபோனால் இரண்டாவது ஸ்லிங் கேட்கமாட்டேன், நேராகச் சுருக்கிக்குப் போவேன். முதல் ஸ்லிங் தோற்றவருக்கு அதுதான் கூடுதல் பலன் தருகிறது, பழைய நாடா அதற்குத் தடையுமல்ல. பம்பை எந்த விரலால் பிடித்து எப்படி அழுத்த வேண்டும் என்பதை மச்சான் எனக்கு இப்போதே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.