சாட்ஸ்வொர்த் வீடுகளுக்கு ப்ரீபெய்ட் மின்மீட்டர்: போடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில், முதலில் காசு கட்டி அந்த அளவுக்கு மட்டும் மின்சாரம் எடுக்கும் ப்ரீபெய்ட் மீட்டரைப் போடலாமா என்பதுதான் கேள்வி. மாதச் சம்பளம் வருகிற, ஆள் குறைந்த வீடு என்றால் தாராளமாகப் போடலாம். தினக்கூலியிலும் அரசு உதவித்தொகையிலும் ஓடுகிற வீடு என்றால் யோசித்துப் போட வேண்டிய சாமான் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மீட்டர் பார்க்க ஆள் வராமலே குத்துமதிப்பாக பில் போட்டு, பிறகு ஒரு நாள் மொத்தமாகத் தலையில் கட்டும் தொல்லை இதில் கிடையாது. மீட்டர் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டினால் டோக்கன் என்று 20 இலக்க எண் ஒன்று வரும்; அதை மீட்டரில் அழுத்தினால் யூனிட் ஏறும். அது அந்த ஒரு மீட்டரில் மட்டுமே வேலை செய்யும். மீட்டர் எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டால் பணம் அடுத்தவர் மீட்டருக்குத்தான். டோக்கனை நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்து அழுத்துங்கள். திரும்பத் திரும்பத் தவறினால் பல மாடல்கள் சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும். பெட்டியைத் திறந்து கை வைத்தால் அதோடு சரி: நகராட்சி தனியாக ஒரு எண் தரும்வரை எவ்வளவு காசு போட்டாலும் விளக்கு எரியாது.

பழைய ப்ரீபெய்ட் மீட்டர் உள்ள வீட்டை வாங்குபவர்களும் பின்கட்டை (வீட்டுக்குப் பின்னால் உள்ள தனிக் குடியிருப்பை) வாடகைக்கு எடுப்பவர்களும் ஒன்றைச் சோதிக்க வேண்டும். டோக்கனுக்குள் இருக்கும் நேரக் குறியீடு 1993 முதல் நிமிடம் நிமிடமாக எண்ணப்பட்டு, 2024 நவம்பர் 24இல் தீர்ந்துபோனது. அதற்காகத் தரப்பட்ட இரண்டு 20 இலக்க எண்களைப் போடாத மீட்டர் புது டோக்கனை ஏற்காது. முன்பணம் கொடுக்குமுன் சிறு தொகைக்கு வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

யூனிட்டைத் தின்பது கீசர்தான். 150 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 8 யூனிட் ஆகும். 2 லிட்டர் கெட்டிலை நாற்பது முறை கொதிக்க வைக்கும் செலவு. டைமர் மட்டும் மாட்டிவிட்டுப் பெரிய மிச்சத்தை எதிர்பார்க்காதீர்கள், ஆறின தண்ணீரை மறுபடி சூடாக்கத்தானே வேண்டும்! கீசருக்கு வெப்பக்காப்புப் போர்வை சுற்றுவதும் குளியலைச் சுருக்குவதும்தான் கண்கூடாகக் குறைக்கும்.

1994 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் மின்சாரமே இல்லை. பிறகு மளமளவென்று இணைப்பு கொடுக்க முடிந்ததில் இந்த மீட்டருக்குப் பெரும் பங்குண்டு: பில் அச்சடிக்க வேண்டாம், வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். அந்த வசூல் வேலை இப்போது வீட்டுக்காரர் தலையில். பில் கட்டத் தவறினால் நோட்டீஸ் வரும், அவகாசம் கிடைக்கும். இங்கே யூனிட் தீர்ந்த நொடியில் இணைப்பு போய்விடும், ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருந்தாலும். நகராட்சிக் கணக்கிலோ அது துண்டிப்பு என்று ஏறுவதில்லை. அந்த வீட்டார் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

பின்கட்டில் குடியிருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். வீட்டுக்காரர் மாட்டிய தனியார் துணை மீட்டரில் டோக்கனுக்கு டோக்கன் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். தகுதியுள்ள ஏழை வீடுகளுக்கான இலவச யூனிட்டும் (தேசியக் கொள்கைப்படி மாதம் 50) பெரும்பாலும் அவர்களை எட்டுவதில்லை. அது கிடைக்கிற வீடுகளும் அந்தந்த மாதமே எடுத்துவிட வேண்டும், அடுத்த மாதத்துக்குச் சேராது.

ப்ரீபெய்ட்டுக்கு மாற்றச் சொல்லி நகராட்சியில் எழுதிக் கொடுக்குமுன் பழைய பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி இருந்தால், 100 ராண்ட் போடும்போதெல்லாம் ஒரு பங்கை அதற்கு எடுத்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் யூனிட் தரும் வழக்கம் பல நகராட்சிகளில் உண்டு. எத்தனை விழுக்காடு பிடிப்பார்கள், எப்போது முடியும் என்பதையும் அதே காகிதத்தில் கேளுங்கள்.