மழைக்காட்டுக்குள் கைடுடன் சில நாள்: தமான் நெகாராவா, லெயுசரா, கினபதாங்கானா, அமேசானா?

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, ஒரு கைடை அமர்த்திக்கொண்டு, வெப்பமண்டல மழைக்காட்டுக்குள் சில நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எங்கே போனால் மிருகங்கள் அதிகம் தென்படும்?" என்றுதான். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காட்டில் நடக்க வேண்டுமா, மிருகங்களைப் பார்க்க வேண்டுமா? இரண்டும் ஒரே பயணத்தில் அமைவது அபூர்வம்.

முதிர்ந்த மழைக்காட்டின் உச்சியில் விழும் வெயிலில் நூற்றுக்கு இரண்டு பங்கு தரைக்கு வந்து சேர்ந்தாலே அதிகம். பூவும் பழமும் தளிரும் முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றைத் தின்பவையும் அங்கேயேதான் இருக்கும். கீழே நடக்கிறவருக்குக் கிடைப்பது இருட்டு, ஈரம், வேர்கள், எங்கிருந்தோ வரும் குரல்கள். ஆற்றங்கரை வேறு மாதிரி. வெயில் பக்கவாட்டில் படுவதால் கரை மரங்கள் தண்ணீர் மட்டம் வரை தழைத்திருக்கும்; கண்ணுக்கு இடைவெளியும் கிடைக்கும். அதனால் படகில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மாலையில் பார்ப்பதை, நடப்பவர் ஒரு வாரத்தில்கூடப் பார்க்காமல் போகலாம். இது தெரியாமல் போய், "அங்கே ஒன்றுமே இல்லை" என்று சொல்லித் திரும்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அவர்கள் தேர்ந்த காட்டில் குறையில்லை. அவர்களுக்கு வேண்டியது வேறொரு காட்டில் இருந்தது.

நடக்கவென்றே போகிறவர்களுக்கு: தமான் நெகாரா

மலேசியத் தீபகற்பத்தின் நடுவே பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் இந்தப் பூங்காவின் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். பெரும்பாலோர் ஜெரன்டுட் வழியாகக் குவாலா தஹான் கிராமத்துக்கு வந்து, தெம்பிலிங் ஆற்றைப் படகில் கடந்து உள்ளே போகிறார்கள். மரமுகட்டுத் தொங்குபாலம், இரவில் ஒரு மணி நேர நடை, ஆற்றில் ஒரு படகுச் சவாரி என்று இரண்டு நாளில் முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அதற்காக மட்டும் என்றால் இவ்வளவு தூரம் வர வேண்டாம் என்பேன். தொங்குபாலம் பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடப்படுவதும் உண்டு.

இந்தக் காட்டின் உண்மையான பலன், கைடுடன் போகும் கெனியாம் – திரெங்கான் நடையில் இருக்கிறது. படகில் ஆற்றின் மேல்பகுதிக்குப் போய் இறங்கி, நடந்து, இரவில் கெப்பாயாங் பெசார் குகையில் தங்குவது. குகை என்றதும் இடுக்கில் ஊர்ந்து போக வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். பெரிய மண்டபம் அளவுக்கு அகலமும் உயரமும் உள்ளது. வெளியே இலை, மண், பாறை எல்லாமே சொட்டச் சொட்ட நனைந்திருக்க, உள்ளே தரை உலர்ந்து கிடக்கும். பாயை விரித்து, கைடு அங்கேயே சமைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டு, கூரையில் வௌவால்கள் கீச்சிடுவதைக் கேட்டபடி தூங்க வேண்டியதுதான். காலையில் ஒரு சின்னக் கொடுமை காத்திருக்கும். முந்தின நாள் நனைந்த சட்டையையும் காலுறையையும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். உலர்ந்த உடுப்பு தூங்குவதற்கு மட்டும் என்று ஒரு செட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதவர் இரண்டாம் இரவில் நடுங்குவார். எத்தனை விலை உயர்ந்த மழைக்கோட்டும் இதற்கு ஈடாகாது. உள்ளே வியர்த்தே நனைந்துவிடும்.

அப்புறம் அட்டைகள். பாதையோர இலையின் நுனியில், தீக்குச்சியைவிடச் சன்னமாக, பின்முனையை ஊன்றிக்கொண்டு உடம்பை நீட்டிக் காற்றைத் துழாவிக்கொண்டு நிற்கும். வரிசையில் முதலில் போகிறவரின் காலடி அதிர்விலும் மூச்சிலும் அது விழித்துக்கொள்ளும். அகப்படுவது பெரும்பாலும் இரண்டாமவரும் மூன்றாமவரும். கடித்தது தெரியாது. விழுந்த பிறகும் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் அது செலுத்தும், உறைவதைத் தடுக்கும் பொருள். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை வாங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடித்துவிட்டால் நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்ல வழித்து எடுக்க வேண்டும். நெருப்பால் சுடுவதும் வெடுக்கென்று இழுப்பதும் புண்ணாக்கும்.

மிருகம்? யானையின் தடம் பார்க்கலாம், இருவாச்சி பறக்கும்போது எழும் இறக்கை ஓசை கேட்கலாம். மலேசியாவில் புலிகள் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாகக் கணக்கெடுப்பு சொல்கிறது. எனவே அதை எதிர்பார்க்க வேண்டாம். உப்பு மண் தின்ன மிருகங்கள் வரும் இடங்களை நோக்கி பும்புன் எனப்படும் மறைவுக் குடில்கள் கட்டியிருக்கிறார்கள். அதில் தொலைவில் இருக்கும் பும்புன் கும்பாங் வரை நடக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். பலகைக் கட்டிலில் படுத்து, முறை வைத்து விழித்திருந்தால், பன்றி போன்ற உடலும் நீண்ட மூக்கும் உள்ள டேப்பிர் தென்பட வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான்.

இன்னும் தீவிரமானவர்களுக்கு 2,187 மீட்டர் உயர குனோங் தஹான் இருக்கிறது. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரம். குவாலா தஹான் பக்கத்திலிருந்து ஏறி இறங்க ஒரு வாரம் ஆகும், கைடு இல்லாமல் விடமாட்டார்கள், ஆறுகளைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். முதல் மழைக்காட்டுப் பயணத்துக்கு இது வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது எந்தப் பயணமும் வேண்டாம்.

ஒராங்குட்டான் பார்க்க: புக்கிட் லாவாங், அல்லது கெதாம்பே

சுமத்ராவின் குனோங் லெயுசர் தேசியப் பூங்காவுக்கு இரண்டு வாசல்கள். எல்லாரும் போவது மேடான் நகரிலிருந்து சில மணி நேரத்தில் எட்டிவிடும் புக்கிட் லாவாங். நடை செங்குத்து. வேரைப் பிடித்து ஏறி, வேரைப் பிடித்து இறங்க வேண்டும். ஆனாலும் முதல் நாளிலேயே ஒராங்குட்டான் தென்படுவது ஏறத்தாழ உறுதி. தாமஸ் இலைக்குரங்கு, கிப்பன், சியாமாங் என்று தமான் நெகாராவில் நாள்கணக்கில் நடந்தும் காணாதவை இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

இது இவ்வளவு சுலபமாக நடப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வீடுகளில் அடைத்து வளர்க்கப்பட்டு மீட்கப்பட்ட ஒராங்குட்டான்களைக் காட்டுக்குப் பழக்கி விட, 1973-ல் இங்கே ஒரு மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. அவையும் அவற்றின் வாரிசுகளும் காட்டின் விளிம்பில் மனிதர்களுக்குப் பழகியே வாழ்கின்றன. மேடையில் பழம் வைக்கும் வழக்கத்தைப் பின்னாளில் நிறுத்திவிட்டார்கள். கைடுகளின் பையில் பழம் இருப்பது மட்டும் முழுதாக நிற்கவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் பாதைக்கே இறங்கி வரும். கைடு வாழைப்பழத்தைக் காட்டி நிறுத்துவார். எட்டுப் பேர் போனை நீட்டிக்கொண்டு நெருங்குவார்கள். விதிப்படி 10 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். நமக்கு வரும் சளியும் காய்ச்சலும் அவற்றுக்கும் தொற்றும். சுமத்ரா ஒராங்குட்டான்கள் காட்டில் சுமார் 14,000 மட்டுமே எஞ்சியிருக்கின்றன. ஒரு பெண் அடுத்த குட்டி போட எட்டு, ஒன்பது வருடம் ஆகும். ஒன்றை இழந்தால் அந்த இடம் நிரம்பக் காலம் பிடிக்கும். எனவே பழம் காட்டும் கைடை ஆரம்பத்திலேயே தடுத்துச் சொல்வது விருந்தாளியின் உரிமை மட்டுமில்லை, கடமையும்கூட.

இரவு முகாம் ஆற்றோரத்தில், பிளாஸ்டிக் விரிப்பின் கீழ். திரும்பும்போது லாரி டியூப்களைக் கட்டி ஆற்றில் மிதந்து வருவார்கள். அது எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் 2003 நவம்பரில் இதே போஹோரோக் ஆற்றில் வந்த திடீர் வெள்ளம் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மேலே மலையில் மழை கறுத்தால் முகாமை மேட்டுக்கு மாற்றத் தயங்காத கைடுதான் வேண்டும்.

இன்னொரு வாசல் ஆச்சே பக்கத்து கெதாம்பே. மேடானிலிருந்து சாலையில் ஒரு முழு நாள் போய்விடும். 1971 முதல் ஒராங்குட்டான் ஆய்வு நடக்கும் இடம். இங்குள்ளவை பெரும்பாலும் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவை. மனிதர்களைக் கண்டு இறங்கி வராது, உயரத்தில் அத்தி மரத்தில் தின்றுகொண்டிருப்பதைக் கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் தேடி ஒன்றைப் பார்த்தாலும் அது தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கும் காட்டு விலங்கு. நேரம் இருக்கிறவர்கள் புக்கிட் லாவாங்கை விட்டுவிட்டு இங்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான்கு நாள்தான் கையில் என்றால் புக்கிட் லாவாங். அப்போதும் ஒரு நாள் நடையை விட்டு, கூட்டம் குறையும் இரண்டு இரவுப் பயணத்தை எடுக்கலாம்.

நடக்க முடியாதவர்களுக்கும்: கினபதாங்கான்

போர்னியோவில், சபா மாநிலத்தில், 560 கிலோமீட்டர் நீளமுள்ள கினபதாங்கான் ஆறு. சுகாவ், பிலிட் கிராமங்களில் தங்கி, விடியலிலும் மாலையிலும் படகில் போவதுதான் பயணம் முழுக்க. நீள்மூக்குக் குரங்குகள் தினமும் மாலை ஆற்றோர மரங்களுக்குத் திரும்பி வந்து தூங்கும் வழக்கம் உடையவை. அதனால் அவற்றைத் தவறவிடுவதே கடினம். முதலை, இருவாச்சி, அதிர்ஷ்டம் இருந்தால் குட்டை யானைக் கூட்டம். முழங்கால் வலி உள்ளவரும் பிள்ளைகளோடு வருகிறவரும் தயங்காமல் இதை எடுக்கலாம்.

ஆனால் இந்த வளத்துக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். கரைக்காட்டின் பின்புறம் கண்ணுக்கெட்டியவரை எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். போக வேறு இடம் இல்லாமல் விலங்குகள் ஆற்றோரத் துண்டுக் காட்டில் நெருக்கியடித்து நிற்கின்றன. நமக்கு அடிக்கடி தென்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே சபாவில் டானும் பள்ளத்தாக்கு, 438 சதுர கிலோமீட்டர் வெட்டுப்படாத காடு. இந்தக் காட்டில் 2018-ல் கண்டறியப்பட்ட மஞ்சள் மெராந்தி மரம் ஒன்றின் உயரம் 100.8 மீட்டர். காட்டின் தரத்தில் இங்கே சொன்ன மற்ற இடங்கள் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. முதுகுப்பைப் பயணிக்குச் சிக்கல், தங்க இரண்டே இடங்கள்: ஆடம்பர விடுதி ஒன்று, முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டிய ஆய்வு மையம் ஒன்று. பொறுமை இருந்தால் ஆய்வு மையத்துக்கு எழுதலாம். 2000-ல் சபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் செகாமா ஆற்றில் நீந்தியவர்கள் பலருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. டானும் வழியாக ஓடுவதும் அதே செகாமாதான். காலில் கீறலோடு ஆற்றில் இறங்குகிறவர்கள், திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

கடல் தாண்டிப் போவதானால்

ஈக்வடாரின் குயபேனோ, அமேசான் காடுகளில் முதுகுப்பைப் பயணிகளுக்குச் சுலபமானது. தலைநகர் கீட்டோவிலிருந்து இரவுப் பேருந்தில் லாகோ அக்ரியோ, அங்கிருந்து குயபேனோ ஆற்றுப் பாலம் வரை வண்டி, பின்பு இரண்டு மணி நேரம் படகு. நான்கு, ஐந்து நாள் தொகுப்பாகத்தான் விற்பார்கள். கைடு, படுக்கை, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். நடை குறைவு, படகு அதிகம். ஆற்று ஓங்கில் (டால்பின்), குரங்குகள், இரவு நடையில் தவளைகள். இலைகள் ஊறிக் கறுத்த தண்ணீர் என்பதால் கொசுத் தொல்லையும் மற்ற அமேசான் பகுதிகளைவிடக் குறைவு. வருடத் தொடக்க மாதங்களில் தண்ணீர் வற்றி ஏரி சுருங்கிவிடும், அதைத் தவிர்க்கலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பும்போது பல நாடுகள் சான்றைக் கேட்கும்.

கோஸ்டா ரிக்காவின் கோர்கோவாடோவில் நடையும் காட்சியும் சேர்ந்தே கிடைக்கின்றன. தொடக்கத்தில் அபூர்வம் என்று சொன்னது இந்த இடத்தைத்தான். 2014 முதல் கைடு கட்டாயம். காராத்தேயிலிருந்து சிரேனா வனக்காவலர் நிலையம் வரை கடற்கரையும் காடும் மாறி மாறி வரும் சுமார் 20 கிலோமீட்டர் நடை. அலையேற்ற நேரத்தைக் கணக்கிட்டுக் கிளம்பாவிட்டால் பாறை முனைகளில் மாட்டிக்கொள்ள நேரும். நான்கு வகைக் குரங்குகளும் டேப்பிரும் பகலிலேயே தென்படும். கூடாரம் அடிக்க முடியாது, நிலையத்தின் கட்டில்களில்தான் படுக்கை, அவையும் எண்ணிக்கையில் குறைவு. பயணச் செலவு தடையில்லை என்றால், முதல் தேர்வு இதுதான்.

கைடு

எந்தக் காடானாலும் பயணம் நல்லதாவதும் கெடுவதும் இவர் கையில். 1981-ல் பொலிவியாவின் துயிச்சி ஆற்றுப் பகுதிக்கு மூன்று இளம் பயணிகள், காடு தெரியும் என்று தானே சொல்லிக்கொண்ட ஒருவரை நம்பிப் போனார்கள். வழியில் பிரிந்தார்கள். யோசி கின்ஸ்பெர்க் என்பவர் மூன்று வாரம் தனியே அலைந்து உயிரோடு மீட்கப்பட்டார், இன்னொருவரும் பிழைத்தார். மூன்றாமவரும் அந்த வழிகாட்டியும் திரும்பவே இல்லை.

இன்று உரிமம் இருக்கிறதா என்று கேட்பது எளிது; கேளுங்கள். அதற்கு மேல், ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கைந்து பேரைத் தாண்டினால் வரிசையின் கடைசியில் நடப்பவருக்கு முன்னால் காட்டியது எதுவும் தெரியாது. யாருக்காவது கணுக்கால் பிசகினால் யார் கூட நிற்பார், யார் வெளியே போய்ச் சொல்வார் என்று கேளுங்கள். பதில் தயாராக இருப்பவர் முன்பே யோசித்தவர். கடைசியாக, அவருடைய போனில் உள்ள படங்களைக் காட்டச் சொல்லுங்கள். பயணிகளின் தோளில் குரங்கும் கழுத்தில் மலைப்பாம்பும் இருந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைத் தேடலாம்.