பிரஸ்ஸல்ஸில் எங்கே தங்குவது: கிராண்ட் பிளாஸ் பக்கமா, சேன் ஜில் பக்கமா?

கட்டடங்களைப் பார்ப்பதற்கென்றே பிரஸ்ஸல்ஸுக்குச் செல்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது தங்குமிடத்தை. பிரஸ்ஸல்ஸ் தலைநகரப் பகுதி என்பது 19 நகராட்சிகள் ஒட்டிக்கிடக்கும் பரப்பு. நடுவில் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தைச் சுற்றிய பழைய நகரம், தெற்கே சேன் ஜில் மற்றும் இக்ஸெல், கிழக்கே ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்கள் நிறைந்த வட்டாரம் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் சேன் ஜில்லில் தங்கினேன்; மறுபடி போனாலும் அங்கேயே தங்குவேன்.

பழைய நகரத்தின் அருமையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 1695-இல் பிரெஞ்சுப் படையின் குண்டுவீச்சில் சதுக்கம் பெரும்பாலும் எரிந்துபோக, அக்கால வணிகர், கைவினைஞர் குழுமங்கள் சில ஆண்டுகளுக்குள் தங்கள் மாளிகைகளை மீண்டும் எழுப்பின. நகரமன்றத்தின் 96 மீட்டர் கோபுரம் அந்த நெருப்பைத் தாங்கி நின்றது. ஆனால் இந்தச் சதுக்கத்துக்குக் கதவு கிடையாது. இரவு பதினொரு மணிக்கும் பார்க்கலாம், காலை ஆறு மணிக்கும் பார்க்கலாம். அதனாலேயே அதன் அருகில் அறை எடுத்து, வாஃபிள் கடைகளின் நெரிசலுக்கும் கூடுதல் வாடகைக்கும் ஈடுகொடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து.

தெற்குப் பகுதியின் நிலை நேர்மாறானது. அங்கே பார்க்க வேண்டியது கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸின் நகர வீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட ஆழமும் கொண்டவை. முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையே சிக்கும் நடு அறை இருண்டே கிடக்கும். கட்டடக்கலைஞர் விக்டர் ஹோர்த்தா 1893-இல் கட்டத் தொடங்கிய தாசெல் இல்லத்தில், வீட்டின் நடுப்பகுதியைத் திறந்து கண்ணாடிக் கூரையிட்டு, படிக்கட்டின் வழியாக வெளிச்சத்தைக் கீழே இறக்கினார். அதே ஆண்டு இன்னொரு கட்டடக்கலைஞரான பால் ஹான்கார் தமக்காகக் கட்டிக்கொண்ட வீடும் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. 1898-க்கும் 1901-க்கும் இடையில் ஹோர்த்தா தமக்கென்று கட்டிய வீடு இப்போது அருங்காட்சியகம். அதன் உணவு அறைச் சுவர்கள் பளபளக்கும் வெள்ளைச் செங்கல்லால் ஆனவை. மருத்துவமனைக்கு ஏற்ற அந்தப் பொருள் விருந்து அறையில் எப்படி இத்தனை இதமாக அமைந்தது என்று வியந்து நின்றேன். படியேறி உச்சிக்குப் போனால், வளைந்த கண்ணாடிக் கூரைக்குக் கீழே எதிரெதிராகப் பதித்த நிலைக்கண்ணாடிகள் படிக்கட்டை முடிவில்லாமல் நீட்டிக் காட்டுகின்றன.

முடிவைத் தீர்மானிக்கும் அம்சம் இங்கேதான் வருகிறது: திறப்பு நேரமும் பகல் வெளிச்சமும். ஹோர்த்தா அருங்காட்சியகம் வார நாட்களில் பிற்பகலில்தான் திறக்கும், திங்களன்று மூடியிருக்கும், நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அவென்யூ லூயீஸில் ஹோர்த்தா கட்டிய சொல்வே இல்லத்தை எல்லா நாளும் பார்க்க முடியாது. தாசெல் இல்லம் தனியார் வசம் இருப்பதால், மார்ச் மாத வார இறுதிகளில் நடக்கும் பனாட் என்ற கட்டடக்கலை விழா போன்ற தருணங்களுக்குக் காத்திருக்காமல் உள்ளே நுழைவது கடினம். இவை போதாதென்று, டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கூரை வெளிச்சத்துக்காகவே வடிவமைத்த வீட்டை மின்விளக்கில் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். பக்கத்திலேயே தங்கியிருப்பவர் காலையில் தெரு முகப்புகளைப் பார்த்துவிட்டு, வானம் வெளுத்திருக்கும் பிற்பகலைப் பிடித்துக்கொள்ளலாம். நடுநகரில் தங்குபவருக்கு ஒவ்வொரு முறையும் மேடேறி வரும் தனிப் பயணமாகிவிடும்.

திரும்பிப் போவதற்கு ஹோர்த்தா என்றே பெயரிட்ட பாதாள டிராம் நிலையம் இருக்கிறது. 1965-இல் இடித்துத் தள்ளப்பட்ட அவருடைய மக்கள் மாளிகையின் இரும்பு வேலைப்பாடுகளில் சில அங்கே பொருத்தப்பட்டிருக்கின்றன. இந்நகரம் எதை இழந்தது என்பதை டிராமுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

மொழியைப் பொறுத்தவரை இரு இடங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிரெஞ்சும் டச்சும் ஆட்சிமொழிகள் என்பதால் தெருப்பலகைகள் இரு மொழிகளிலும் இருக்கும். கைப்பேசி வரைபடம் ஒரு பெயரையும் விடுதிக் கடிதம் இன்னொரு பெயரையும் சொன்னால் பதற வேண்டாம். பேச்சில் பிரெஞ்சே மேலோங்கியிருக்கும், சேன் ஜில்லின் கடைகளிலோ போர்த்துகீசியமும் அரபியும் தாராளமாகக் காதில் விழும்.

கிழக்கு வட்டாரத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு; பகலில் நடந்திருக்கிறேன், இரவு தங்கியதில்லை. ஆம்பியோரிக்ஸ் சதுக்கத்தில் கட்டடக்கலைஞர் குஸ்தாவ் ஸ்ட்ரோவன் கட்டிய சேன் சீர் இல்லம் நான்கு மீட்டர் அகலம்தான். அந்த ஒடுங்கிய முகப்பில் இரும்பு கொடிபோலச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. வார இறுதியில் அலுவலகங்கள் மூடியதும் அங்கே அறை வாடகை குறையும் என்கிறார்கள். அது உண்மையானால் சிக்கனக்காரர்கள் யோசிக்கலாம்.

சேன் ஜில்லிலும் குறைகள் உண்டு. கல் பாவிய மேட்டுத் தெருக்களில் சக்கரப் பெட்டியை இழுப்பது தொல்லை. பழைய வீடுகளில் மின்தூக்கி அரிது, படிகளோ செங்குத்தானவை. முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் நடுநகரிலேயே மின்தூக்கி உள்ள விடுதியில் தங்கி, ஹோர்த்தா இல்லத்துக்கு ஒரு பிற்பகலை மட்டும் ஒதுக்கி வாடகைக் காரில் வந்து போகட்டும்.