வேலை போனவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எனக்கு வந்த போலி ஆஃபர் லெட்டர்

ஏமாந்ததை ஏழு வாரமாக வெளியே சொல்லவில்லை. என்னோடு சேர்த்து வேலையிலிருந்து எடுக்கப்பட்ட ஒருவருக்கும் போன வாரம் அதே மாதிரி அழைப்பு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் பார்த்த வேலை, 11 நிமிட வீடியோ காலில் போனது. அன்று சாயங்காலமே ரெஸ்யூமைத் திருத்தி, வேலை தேடும் தளங்கள் நாலைந்தில் ஏற்றிவிட்டேன். போன் நம்பர், கடைசி வேலை நாள், எல்லாமே யாரும் பார்க்கும்படி இருந்தது. "உடனே சேரத் தயார்" என்று தலைப்பிலேயே போட்டிருந்தேன். வேலை தருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் போட்டேன். மற்றவர்கள் கண்ணிலும் பட்டுவிட்டது.

பத்தாம் நாள் போன் வந்தது. பெண் குரல், அவ்வளவு பொறுமை. ஒரு பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லி, "உங்க ப்ரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கு மேடம்" என்றார். நான் செய்த ப்ராஜெக்ட்டுகளைப் பற்றியெல்லாம் பேசினார்; எல்லாம் என் ரெஸ்யூமில் இருந்ததுதான். அப்புறம் கேட்டார்: "செட்டில்மென்ட் பணம் வந்துடுச்சா மேடம்? சில இடத்துல இழுத்தடிப்பாங்க, விட்டுடாதீங்க." அந்தப் பத்து நாளில் என்னிடம் அப்படி அக்கறையாகக் கேட்ட ஒரே ஆள் அவர். தொண்டை அடைத்துக்கொண்டது. என் கையில் பணம் இருக்கிறதா என்று அவர் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

இன்டர்வியூ சாட்டில்தான் நடந்தது. முகமும் இல்லை, குரலும் இல்லை. மறுநாளே ஆஃபர் லெட்டர். பழைய சம்பளத்தை விடக் கால் பங்கு அதிகம். சரி, நமக்கும் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். அடையாள ஆவணங்களின் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். பின்னணிச் சரிபார்ப்புக் கட்டணம் என்று ஒரு சின்னத் தொகை கேட்டார்கள், முதல் சம்பளத்தோடு திரும்பி வரும் என்றார்கள், கட்டினேன். இரண்டு நாள் கழித்து லேப்டாப்புக்கு டெபாசிட். அது கொஞ்சம் பெரிய தொகை. அதையும் கட்டினேன். முதலில் கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான் இரண்டாவதையும் கட்ட வைத்தது. மூன்றாவதாகப் பயிற்சிச் சான்றிதழுக்குப் பணம், அதுவும் இன்று மாலை 5 மணிக்குள், இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார்கள்.

அன்று என் தங்கை பக்கத்தில் இருந்தாள். "அக்கா, கொஞ்சம் இரு. அந்த மெயில் ஐடியைக் காட்டு" என்றாள். கம்பெனி பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு, அப்புறம் 'கேரியர்ஸ்'. நிஜ கம்பெனியின் முகவரியில் அந்தக் கோடு கிடையாது. மெயில் ஐடியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்தான் டொமைன்; அது எப்போது பதிவானது என்று இலவசமாகப் பார்க்கும் தளங்கள் இருக்கின்றன. அங்கே போட்டுப் பார்த்தாள். 19 நாள் முன்பு பதிவானது. பல வருடமாக இருக்கிற கம்பெனிக்கு 19 நாள் வயதில் ஒரு மெயில் முகவரி! ஆஃபர் லெட்டரைப் பெரிதாக்கினால் லோகோவின் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகக் கலைந்திருந்தது. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருந்த நம்பரை அழைத்துக் கேட்டோம். அப்படி ஒரு வேலையே இல்லை என்றார்கள்.

பணத்தில் போனது முக்கால் மாதச் சம்பளம். அதை விட எனக்கு ஆறாதது வேறு. இந்தக் கடிதத்தை நம்பி, இன்னொரு நிஜ கம்பெனியின் இரண்டாம் சுற்றுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். உண்மை தெரிந்ததும் அவர்களுக்குத் திரும்ப எழுதினேன், ஆள் எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டு வேலையில் உட்காரும் வரை தேடுவதை நிறுத்தாதீர்கள்.

இன்னொரு தவறும் செய்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்துத்தான் வங்கிக்குச் சொன்னேன். பணம் அதற்குள் கைமாறிப் போயிருந்தது. உடனே சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பாவது இருக்கும். காவல்துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன், என் ஆவண நகல்கள் அந்த மோசடிக்காரர்களிடம் இருப்பதையும் எழுதிக் கொடுத்தேன். நாளை என் பெயரில் யாராவது கடன் வாங்கினால் காட்டுவதற்கு அது வேண்டும்.

வேலை கொடுப்பதற்கு வேலை தேடுபவரிடம் பணம் வாங்குவதே முறையில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் கொண்டுவந்த 181ஆம் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. விதிவிலக்குகள் உண்டு, எல்லா நாடும் அதை ஏற்கவும் இல்லை. ஆனாலும் லேப்டாப் டெபாசிட், சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

புகார் கொடுத்த பிறகும் ஓர் அழைப்பு வந்தது. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்றார்கள். அதுவும் மோசடிதான். ஒருமுறை ஏமாந்தவரின் நம்பர் இந்த மாதிரி ஆட்களிடம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பெண் இப்போது வேறு பெயரில், வேறு கம்பெனி பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். குரல் இனிமையாகத்தான் இருக்கும். "செட்டில்மென்ட் வந்துடுச்சா?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் போனை வைத்துவிடுங்கள்.