அகழியா, தார்க்குழியா? ஸ்ட்ராங்ஹோல்ட் குரூசேடரில் என் தேர்வு

2002-ல் வந்த கோட்டை கட்டிப் போரிடும் கணினி விளையாட்டான ஸ்ட்ராங்ஹோல்ட் குரூசேடரில், கணினியே ஆடும் எதிரிகளில் ஒருவனான ‘பிக்’ படையெடுத்தால் அவனுடைய மேஸ்மேன்கள் (கதாயுத வீரர்கள்) நடந்து வர மாட்டார்கள், ஓடித்தான் வருவார்கள். வில்லாளிகள் நாலு அம்பு விடுவதற்குள் மதிலடியில் நிற்பார்கள். அந்த ஓட்டத்தை எதனால் நிறுத்துவது?

தார்க்குழியைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். வாசலுக்கு முன்னால் தாரைப் பரப்பிவிட்டு, அம்பில் தீ மூட்ட மதில்மேல் நெருப்புக்கூண்டு வைத்து, கூட்டம் உள்ளே வந்ததும் ஒரே ஒரு தீ அம்பு. மொத்தப் படையும் பற்றி எரியும். ஆனால் ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது. அடுத்த அலை வருவதற்குள் மறுபடி பரப்ப வேண்டும். தார் எடுக்கச் சதுப்பு இல்லாத மேப்பில் சந்தையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வீடுகளுக்குப் பக்கத்தில் கொளுத்தினால் நம் ஊரும் சேர்ந்து எரியும். ஒருமுறை என் தானியக் கிடங்கையே அப்படி இழந்திருக்கிறேன்.

அகழி வெட்டப் பொறுமை வேண்டும். ஈட்டிக்காரர்கள் பத்துப் பேரை இறக்கிவிட்டால் கட்டம் கட்டமாக வெட்டிக்கொண்டே போவார்கள். பாறைத் தரையில் நடக்காது. வெட்டி முடித்துவிட்டால், சுரங்கம் தோண்டுகிறவன், மதிலை முட்டி இடிக்கும் ‘ராம்’ வண்டி, முற்றுகைக் கோபுரம் எல்லாமே கரையிலேயே நின்றுவிடும். அகழியை மண் போட்டுத் தூர்த்தால்தான் வழி. தூர்க்க வருகிறவன் மண்ணோடு போராடும் அந்த நேரத்தில்தான் கிராஸ்போக்காரன் (விசைவில் வீரன்) தன் வேலையைக் காட்டுகிறான். வில்லாளியைவிட மெதுவாக எய்வான், தூரமும் குறைவு. ஆனால் கவசம் போட்டவனையும் சாய்த்துவிடுவான். நிற்கிற இலக்கு கிடைத்தால் அவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

கொதிக்கும் எண்ணெய் எனக்குக் கடைசிப் பட்சம்தான். ஊற்றிய எஞ்சினியர் மறுபடி உலைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவதற்குள் எதிரி மதிலில் ஏணியைச் சாத்திவிடுவான்.

ஆக, பாறை இல்லாத மேப் என்றால் முதலில் அகழிதான். சரி, தாரை விட்டுவிடலாமா? வேண்டாம். அகழியின் வெளிக்கரையை ஒட்டி இரண்டு கட்ட அகலத்துக்கு மட்டும் பரப்புங்கள். தூர்க்க வருகிறவர்கள் சரியாக அங்கேதான் குவிவார்கள். முதல் ஆள் வந்ததுமே கொளுத்திவிடாதீர்கள்; பின்னால் ஓடிவருகிறவர்களும் வந்து நெருக்கியடித்து நிற்கட்டும், அப்புறம் விடுங்கள் அந்தத் தீ அம்பை.