பட்டு நூலும் பிளாஸ்டிக் நூலும்: கொட்டியாரக் குடாவில் நான்கு ஆண்டுகள்

செயற்கை ஈ கட்டி வீசும் தூண்டிலில் ஈக்குப் பாரமே இல்லை. நூலின் பாரந்தான் அதைக் கொண்டுபோகிறது. தங்கூசியில் (நைலோன் தூண்டில் நூலில்) ஈயக்குண்டு கட்டி எறிந்து பழகிய என் கைக்கு இது பிடிபட ஒரு பருவம் சென்றது. திருகோணமலையில், கொட்டியாரக் குடாவின் ஆழங்குறைந்த ஓரங்களில், எட்டாம் இலக்கப் பட்டு நூலையும் அதே இலக்கப் பிளாஸ்டிக் நூலையும் பாரைக்கும் கொடுவாவுக்கும் மாறி மாறி வீசி வருகிறேன்.

இலக்கம் நூலின் நிறையைக் குறிப்பது. இரண்டும் எட்டாம் இலக்கமே என்பதால் இரண்டிலும் முதல் 30 அடியின் நிறை ஏறத்தாழ 13.6 கிராம்தான். ஆயினும் பிளாஸ்டிக் பூச்சுக்குள் மிதப்பதற்காக நுண்ணிய வெற்றுக் குமிழ்களைக் கலப்பதால் அந்நூல் பருமனாகிறது. பின்னிய பட்டு அதே நிறையை மெல்லிய உடலில் தாங்குவதால், கச்சான் காற்றுக்கு எதிரே வீசும்போது அதை அறுத்துக்கொண்டு போய், நீரில் ஓசையின்றி விழுகிறது. வீச்சைப் பொறுத்தவரை எனக்குப் பட்டே மேல்.

பராமரிப்போ பெரும்பாடு. பட்டு தானாக மிதக்காது. கொழுப்புப் பூச வேண்டும். சிக்கனம் பார்த்துத் தேங்காய் எண்ணெய் தடவிய அன்று நூல் அரைமணியில் அமிழ்ந்தது, மறுநாள் காலையில் அதன் நீளம் முழுக்க எறும்பு. இப்போது தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் உருக்கிக் கலந்து, விரல்நுனியால் மெல்லிய படலமாகத் தேய்க்கிறேன். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, கொய்யா மரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் இடையே நிழலில் கட்டி உலர்த்துகிறேன். (அதில் உடுப்புக் காயப்போடக் கூடாதென்று வீட்டாரிடம் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.) ஒரு மார்கழி மழையில் ஈரத்தோடு றீலிலேயே விட்டுவிட்டேன், மூன்றாம் நாள் கரும்புள்ளி விழுந்திருந்த இடத்தை இழுத்துப் பார்த்தபோது இற்றுப்போன சீலைபோல் அறுந்தது.

பிளாஸ்டிக் நூலுக்கு அலசித் துடைத்தால் போதும். ஆனால் முதலில் வாங்கியது குளிர்நாட்டு நீருக்கானது. நம் வெயிலில் இளகி, தூண்டில் தடியின் வளையங்களில் ஒட்டியது. நுளம்புக்குப் பூசிய மருந்து கையிலிருந்து ஒட்டி அதன் பூச்சும் கெட்டது. வெப்பநாட்டுக்கென்று செய்த கடினப் பூச்சு நூலை மாற்றிய பின் அந்தத் தொல்லை இல்லை. இரண்டாம் ஆண்டில் வெடிப்புகள் மட்டும் தோன்றின.

மழைக்காலத்திலும், உலர்த்த நேரமில்லாத நாட்களிலும் பிளாஸ்டிக்கையே எடுக்கிறேன். பட்டு நூல் இரு முனையும் ஒடுங்கியது. முன்முனை நைந்துபோனதால் சென்ற வைகாசியில் அதைத் திருப்பிச் சுற்றினேன். மறுமுனை இன்னும் வாங்கிய நாளின் வழுவழுப்போடு இருக்கிறது.